வெள்ளை அடிக்கும்போது கண் பத்திரம்!

பொங்கல் நெருங்கினால் போதும். "கூலி ஆள் எதற்கு? நாமே வெள்ளை அடித்து விடலாமே!" என்று பல வீடுகளில் பேச்சு எழும். நல்ல யோசனைதான். ஆனால் சுண்ணாம்பு பொல்லாதது!

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? அடுப்பு இல்லாமலே தண்ணீர் கொதிக்கும்! கல் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகி விடும். இரும்புத் தொட்டியே நல்லது. முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

ஏணி சுவரில் 12 அடி உயரத்தில் சாய்ந்தால், அதன் கால் 3 அடி தள்ளி இருக்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்து விடுங்கள்.

சுண்ணாம்பு ஆறினாலும் அதன் காரம் ஆறாது. மேலே அண்ணாந்து அடிக்கும்போது ஒரு துளி கண்ணில் விழுந்தால்? கசக்காதீர்கள். விளக்கெண்ணெயும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். அந்த நொடியே இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு செம்பு போதாது. அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், போய்ச் சேருவதற்குள் கருவிழி வெந்து விடும். (வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே ரகம்தான்!)

கழுவிய பிறகு, வலி குறைந்தாலும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.