புதுப்பித்த வழங்கியும் மறைந்த தமிழும்

புளியங்கூடல் உள்ளிட்ட தீவகக் கிராமங்களின் மக்கள் 1990, 1991 ஆம் ஆண்டுகளின் யுத்த நடவடிக்கைகளால் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் குடியேறினர். இவ்வாறு சிதறுண்ட உறவுகளுக்கு மரண அறிவித்தலையும் ஜனாஸா அறிவித்தலையும் கொண்டு சேர்க்கும் பணியில் இணையத்தளங்களுக்குப் பின்னாளில் பெரும் பங்கு உண்டாயிற்று. வழங்கியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் இத்தகைய தளமொன்று வாசிக்கவியலாது போகுமாயின், அதனை வெறும் தொழில்நுட்பக் கோளாறென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

பக்கமே திறவாதிருந்தால் காரணம் பெரும்பாலும் எளிது. 2012 இல் வெளியான அப்பாச்சி 2.4 பதிப்பு, யாரை அனுமதிப்பது என்பதைக் குறிக்கும் கட்டளைகளை மாற்றியது. முன்னைய 'ஓடர்', 'அலவ்', 'டினை' ஆகியவற்றின் இடத்தில் 'ரிக்குவயர்' வந்தது. பழைய வரிகள் அப்படியே இருந்தால் 403 அல்லது 500 என்னும் பிழை தோன்றும். வழங்கியின் பிழைப் பதிவேட்டின் இறுதி வரிகளே எந்தக் கோப்பில் தவறு என்பதைச் சொல்லிவிடும். அதனைப் பாராது அமைப்புகளை ஊகத்தில் மாற்றுவோரே நம்மிடையே அதிகம்.

பக்கம் திறந்தும் தமிழ் தெரியாதிருப்பதே சிக்கலானது. இங்கு திரையில் தோன்றும் குறியை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கறுப்புச் சாய்சதுரத்துள் கேள்விக்குறி தெரிந்தால், அது பெரும்பாலும் திஸ்கி போன்ற பழைய குறியீட்டில் எழுதப்பட்ட பக்கமாகும். 2014 இல் வெளியான பி.எச்.பி. 5.6, எல்லாப் பக்கங்களையும் யூ.டி.எஃப்-8 என்றே அறிவிக்கத் தொடங்கியது. பக்கத்தினுள் வேறு குறியீடு குறிக்கப்பட்டிருந்தாலும் உலாவி வழங்கியின் சொல்லையே ஏற்கும். பி.எச்.பி. அமைப்புக் கோப்பில் அந்த இயல்நிலைக் குறியீட்டை வெறுமையாக்கினால் அறிவிப்பு நின்றுவிடும். பாமினியில் அமைந்த பக்கங்கள் பெரும்பாலும் இதற்குத் தப்பிவிடும். அவை ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்று தெரிவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம்.

தலையில் கீறிட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துள் 'ஆர்' எழுத்தும் மாறிமாறி வந்தால் கதை வேறு. யூ.டி.எஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகும். அவை லத்தீன்-1 எனத் தவறாக வாசிக்கப்படும்போதே இத்தோற்றம் எழுகிறது. பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களின் இயல்நிலை லத்தீன்-1 ஆகவே இருந்தது. அவற்றினுள் தமிழ் பைட்டுகளை அப்படியே இட்டு, அப்படியே எடுத்துக் காலங்கழித்த தளங்கள் பல. 2018 இல் வந்த 8.0 பதிப்பு இயல்நிலையை மாற்றியதும் அந்த ஒளிந்திருந்த தவறு வெளிப்பட்டது.

இந்நிலையில் முதலிற் செய்ய வேண்டியது புதிய பதிவுகளை நிறுத்துவதாகும். பழையவை பெரும்பாலும் உள்ளே பழுதின்றியே இருக்கின்றன. ஆனால் இப்போது எழுதப்படுபவை வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படலாம். அப்படிச் சேமிக்கப்பட்டவற்றை எந்த நிபுணராலும் மீட்க இயலாது. அடுத்து முழுத் தரவையும் பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். தளத்தின் நிரலில் தரவுத்தள இணைப்பை லத்தீன்-1 என்று வெளிப்படையாகக் குறித்தால் பக்கங்கள் அப்போதைக்குச் சீராகும். நிலையான தீர்வுக்கு, லத்தீன்-1 இணைப்பின் வழியே தரவை வெளியெடுத்து, யூ.டி.எஃப்-8 எனக் குறித்து மீள ஏற்றுதல் வேண்டும். அட்டவணையை ஒரே கட்டளையில் நேரடியாக மாற்ற முற்படுவோர் தவறை இரட்டிப்பாக்கி விடுகின்றனர்.

திஸ்கியிலும் பாமினியிலும் உள்ள பக்கங்களையும் யுனிகோடுக்கு மாற்றிவிடுதல் நன்று. அவை திரையில் சரியாகத் தெரிந்தாலும், புளியங்கூடல் என்று யுனிகோடில் தட்டித் தேடுபவருக்கு அகப்படுவதில்லை.