பெட்டியில் எழுதிய வாட்டும் அப்பாவின் பேர்க் கணக்கும்

அப்பா எந்தச் சாமானுக்கும் ரூபாயில் விலை சொல்ல மாட்டார். பேரில்தான் சொல்வார். தோட்டத்தில் முழு நாள் வேலை செய்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அந்த நாள் விழுந்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 1982இல் எங்கள் லயத்துக்கு ஒரு ரேடியோ வாங்கி வந்தபோது, "இது நாப்பது பேரு, யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் தொடவில்லை. கேட்டோம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பி.எச். அப்துல் ஹமீதின் குரல் வரும்போது பக்கத்துக் காம்பராக்களிலிருந்தும் ஆட்கள் எங்கள் வாசல்படியில் வந்து உட்காருவார்கள்.

பசறைப் பக்கத்து அந்தத் தோட்டத்திலிருந்து இறங்கி, பதுளையில் ரேடியோ திருத்தப் பழகினேன். 34 வருடங்களாக அதே தொழில்தான். கெசட் செட், டெக், சிடி பிளேயர் எல்லாம் என் மேசைக்கு வந்து போயின. இப்போது அதிகம் வருவது ஆம்ப்ளிஃபயர். ஃபோனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. அதை நல்ல சத்தத்தில், நல்ல தெளிவில் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசை. அந்த ஆசைக்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் ஏமாறுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு முந்திய வாரம் லுணுகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் புது ஆம்ப். முன்பக்கத்தில் நீல விளக்கு, பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 வாட்.

"அண்ணே, ரெண்டு பாட்டுதான் நல்லா பாடுது. சத்தத்தைக் கூட்டினா கரகரன்னு கத்துது. ஆயிரத்து எரநூறு வாட்டுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"அதோட வந்த அடப்டரைக் காட்டு, தம்பி" என்றேன்.

அடப்டரின் சீட்டில் 12 வோல்ட், 3 அம்பியர் என்று இருந்தது. 12ஐ 3ஆல் பெருக்கினால் 36. அந்த ஆம்புக்குள் போகக்கூடிய மின்சாரமே 36 வாட்தான். உள்ளே 36 போனால் வெளியே 1200 எப்படி வரும்? ஊற்றிலிருந்து பீலியில் ஒரு குடம் தண்ணீர் வந்தால் கீழே ஒரு குடம்தான் நிறையும். தம்பி ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் தீபாவளி முற்பணத்தில் வாங்கியது என்று பிறகு சொன்னார்.

ஒரு ஆம்பை வாங்கப் போகும்போது முதலில் செய்ய வேண்டியது இதுதான்: முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடப்டரில் ஓடும் ஆம்ப் என்றால் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்குங்கள். நேராகக் கரண்டில் சொருகும் ஆம்ப் என்றால் பின்னால் அது எத்தனை வாட் எடுக்கும் என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணைத் தாண்டித் தொடர்ந்து பாட வீட்டு ஆம்புகள் பெரும்பாலானவற்றால் முடியாது. பெட்டியில் பிஎம்பிஓ என்று போட்டு எழுதுகிற ஆயிரக் கணக்குகள், ஒரு கண்ணிமைப்பில் வந்து போகும் உச்சத்தையும் கூட்டிப் பெருக்கிச் சொல்வது. நம்பக்கூடியது, தொடர்ந்து கொடுக்கும் வாட்டைக் காட்ட ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பது. அதுவும் எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்று சேர்த்து எழுதியிருந்தால்தான்.

சரி, ஒரு வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்? எங்கள் பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 86 முதல் 88 டெசிபெல் வரை சத்தம் வரும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவு. 85 டெசிபெல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் இருந்தால் காது கெடத் தொடங்கும் என்று தொழிற்சாலைகளுக்கே எல்லை வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் காம்பராவில் நாம் பாட்டுக் கேட்கும் நேரத்தில் பெரும்பாலும் ஓடுவது ஒரு வாட், இரண்டு வாட்தான். தவில் அடி விழும்போது, பறை ஓங்கும்போது சத்தம் திடீரென்று எழும்பும். அந்த எழுச்சிக்காக இடம் விட்டு வைக்க ஒரு பக்கத்துக்கு 20 வாட் போதும். பெரிய வரவேற்பறை உள்ள டவுன் வீட்டுக்கு 40, 50.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்குக் கொஞ்சம் கூடியதுபோல் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் நடுவில் காது காணும் வித்தியாசம் சின்னது. பணம் காணும் வித்தியாசம் சின்னதல்ல. லண்டனில் தொடங்கிய என்ஏடி நிறுவனம் 1978இல் 3020 என்ற ஆம்பை வெளியிட்டது. பக்கத்துக்கு 20 வாட்தான். ஆனால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் பகுதியை வஞ்சகமில்லாமல் செய்திருந்தார்கள். அதனால் கஷ்டமான ஸ்பீக்கரையும் அது தயங்காமல் ஓட்டியது. விலை குறைந்த ஆம்ப் என்ற பேச்சு வந்தால் இன்றைக்கும் உலகம் முழுக்க அதன் பெயரைச் சொல்கிறார்கள்.

ஆம்பின் உயிர் அந்த மின்சாரப் பகுதியில்தான் இருக்கிறது. ஃபோனிலிருந்து வருவது ஒரு வோல்ட்கூட இல்லாத மெல்லிய சிக்னல். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பை முன்னும் பின்னும் தள்ளும் பலம் அதற்குக் கிடையாது. சுவரிலிருந்து வரும் கரண்டை எடுத்து, அந்தச் சிக்னல் ஆடுகிறபடியே ஆட்டி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதுதான் பவர் ஆம்பின் வேலை. ஸ்டீரியோ என்றால் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆம்ப். சுவரிலிருந்து எடுப்பது பலவீனமாக இருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

குறைந்த பணத்தில் ஆம்ப் தேடி வருபவர்களுக்கு மூன்று வழி காட்டுவேன்.

முதலாவது, உள்ளங்கையில் அடங்கும் கிளாஸ் டி ஆம்ப். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 என்ற சிப் உள்ளது நல்லது. அதோடு வரும் அடப்டரைப் பல நேரம் நான் ஒதுக்கி வைக்கச் சொல்வேன். வீட்டில் பழுதான லப்டொப் இருந்தால் அதன் அடப்டர் பெரும்பாலும் 19 வோல்ட்டாக இருக்கும், 3 அம்பியருக்கு மேல் கொடுக்கும். இந்த சிப் 26 வோல்ட் வரை தாங்கும். 19 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 20 வாட் அளவு சுத்தமாக வரும். அதே ஆம்ப் 12 வோல்ட்டில் 8 வாட்டோடு நின்றுவிடும். மாற்றிப் பொருத்தும் முன், ஆம்பில் எழுதியிருக்கும் வோல்ட் எல்லையையும் அடப்டர் பின்னின் நடுவில் பிளஸ் வருகிறதா என்பதையும் பாருங்கள். நான் இந்த வகையை விரும்ப மலைநாட்டுக் காரணம் ஒன்றும் இருக்கிறது. சில தோட்டங்களில் பின்னேரம் ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் டீவியும் போட்ட பிறகு நான் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190. சாதாரண ட்ரான்ஸ்போமர் ஆம்ப் அப்போது சோர்ந்துவிடும். லப்டொப் அடப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் அதே 19ஐக் கொடுக்கும். 2022இல் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்தில் இந்த ஆம்புகளை 12 வோல்ட் பற்றரியில் ஓட்டிப் பாட்டுக் கேட்டவர்கள் எனக்குத் தெரியும்.

இரண்டாவது, ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப். பயனியர், சன்சுயி, கென்வூட், டெனோன், யமஹா. கனமாக இருக்கும், அந்தக் கனம் முக்கால்வாசி ட்ரான்ஸ்போமரும் வெப்பத் தகடும். கேட்டால் விட மனம் வராது. ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நான் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். அந்த நாட்டுக்குள் விற்கச் செய்த ஆம்பின் பின்னால் ஏசி 100 வோல்ட் என்று மட்டும் இருக்கும். அதை நமது 230 வோல்ட்டில் சொருகினால் சில நிமிடத்தில் புகை. நான் வேலை பழகிய முதல் வருடம் அப்படி ஒரு ஆம்பை என் கையாலேயே கருக்கினேன். அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்கினால் 100 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் அதிகம் கிடைப்பது 110. எங்கள் கரண்ட் விடியப்புறம் 240க்கு ஏறும்போது அது 115ஐத் தொடும். உடனே புகையாது. ஒரு வருடம் சூட்டில் வெந்து, பிறகு போகும். ஆம்ப் 150 வாட் எடுக்கும் என்றால் 300 வாட் ஸ்டெப் டவுன் வையுங்கள். இதற்கான பணத்தையும் ஆம்பின் விலையோடு முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

பழைய ஆம்பைக் கடையில் வைத்தே சோதிக்கலாம். சுவிட்சைப் போட்டதும் மூன்று நான்கு செக்கனில் உள்ளே 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்க வேண்டும். உடனே ஸ்பீக்கரில் 'டப்' என்று அடித்தால் யோசியுங்கள். பாட்டு இல்லாமல் சத்தத்தைப் பாதிக்குக் கூட்டிக் காதை வையுங்கள். உம்மென்று இரைச்சல் வந்தால் கப்பாசிட்டர் வற்றியிருக்கிறது, மாற்றச் செலவு இருக்கிறது. வொலியும் திருகும்போது கரகரப்பது வெறும் தூசி, அதற்குப் பயப்பட வேண்டாம். மீட்டர் இருந்தால் ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்ட் பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் அந்த ஆம்ப் உங்கள் ஸ்பீக்கரை எரிக்கும்.

மூன்றாவது, ஊர் மெக்கானிக்கிடம் சொல்லிக் கட்டுவது. எல்எம்3886 சிப் இரண்டு, 18-0-18 ட்ரான்ஸ்போமர், பெரிய கப்பாசிட்டர், நல்ல அலுமினியத் தகடு. பக்கத்துக்கு 30 வாட் இனிமையாக வரும். முன்பெல்லாம் இரவு மெயிலில் கொழும்புக்குப் போய், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் பொறுக்கிக்கொண்டு அடுத்த மெயிலில் திரும்புவேன். இப்போது போலி சிப் மலிந்துவிட்டது. மேலே எழுத்து ஒன்று, உள்ளே சரக்கு வேறு. கட்டிக் கொடுப்பவர் தெரிந்தவராக, பழுதானால் திருத்தித் தருபவராக இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

வாங்கிய பிறகு ஆம்பைக் கொல்வது மூன்று. ஒன்று, ஸ்பீக்கரைக் கண்டபடி கூட்டுவது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். 4 ஓம் இரண்டைச் சேர்த்தால் 2. வீட்டு ஆம்ப் பெரும்பாலும் 2 ஓமைத் தாங்காது. இரண்டு, சக்தி மீறித் திருகுவது. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது பாட்டுக் கேட்காது, உடனே கை வொலியுமுக்குப் போகும். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டியதும் அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுப்பட்ட சத்தம்தான் ட்வீட்டரை, அதாவது கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரை, கருக்குகிறது. கரகரப்பு வந்தால் குறைத்துவிடுங்கள். மழை நிற்கும், ட்வீட்டர் திரும்பி வராது. மூன்று, இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கிய மறுநாள் என் கடை வாசலில் வரிசை நிற்கும். பழைய லயங்கள் பலவற்றில் சரியான எர்த் இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். டீவியோடு ஆம்பை இணைத்திருந்தால் டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

பணத்தைப் பங்கு போடும்போது பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். நல்ல ஸ்பீக்கரில் சின்ன ஆம்ப் பாடுவது, மோசமான ஸ்பீக்கரில் பெரிய ஆம்ப் கத்துவதைவிட எவ்வளவோ மேல். ஸ்பீக்கர் இரண்டையும் ஆறடி இடைவெளியில் வைத்து, அதே ஆறடி தள்ளி நடுவில் உட்காருங்கள். பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவர் பக்கம் நின்று பாடுவதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள். அந்தச் சுவருக்கு அப்பால், விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டிவிட்டு மலைக்குப் போக வேண்டிய ஒரு அம்மா தூங்குகிறார்.

தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350. அப்பாவின் கணக்கில் சொன்னால் ஆம்ப், அடப்டர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து இருபது பேருக்கு மேல் போக வேண்டிய தேவை ஒரு காம்பரா வீட்டுக்கு இல்லை என்பது என் முடிவு. அதற்கு மேல் கேட்டு, கட்டுக்காசுக்கும் தருகிறோம் என்று சொன்னால் வாங்காமல் வாருங்கள். லுணுகலைத் தம்பியின் ஆம்புக்குள் இருந்த சிப் நல்லதுதான். 24 வோல்ட் வரை போகலாம் என்று போர்டிலேயே எழுதியிருந்தது. கடையில் கிடந்த பழைய லப்டொப் அடப்டர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். இப்போது பக்கத்துக்கு 20 வாட் பாடுகிறது.