கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்க!

காரில் ஏறியதும் குப்பென்று மக்கல் வாடை அடிக்கிறதா? 'மழைக்காலம்னா அப்படித்தான்' என்று சென்ட் பாட்டில் வாங்கி மாட்டிவிடாதீர்கள். மேலே கிடக்கும் மிதியடியை மட்டும் வெயிலில் போட்டாலும் போதாது. அடியில் ஒட்டியிருக்கும் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். அதன் அடிப்பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூசணம் பூக்க ஆரம்பித்துவிடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.ஸி. போட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள்தான் உள்ளே சுற்றும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பு வர இதுவே போதும்.

மழையே இல்லாமல் முன்சீட்டுக் கால்மாட்டில் ஈரமா? ஏ.ஸி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சீட் துணியில் துருக்கறையா? ப்ளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், கறை இன்னும் கெட்டியாகிவிடும். எலுமிச்சைச் சாற்றில் உப்பு கலந்து தடவி, சற்றுப் பொறுத்து ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். (சாயம் போகுமான்னு முதல்ல ஒரு மூலையில் சோதிச்சுக்குங்க.)

கறை போச்சுன்னு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். துரு வந்தது எங்கிருந்து? தரைத்தகடே அரித்து ஓட்டை விழுந்து, சைலன்ஸர் குழாயிலும் கசிவு இருந்தால், கார்பன் மோனாக்ஸைடு உள்ளே நுழையும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காரில் போகும்போது தலைவலி, குமட்டல், இறங்கினால் சரியாகிறதா? 'கார் ஒத்துக்கலை' என்று எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போகாதீர்கள். வண்டியை ஓரங்கட்டி எல்லோரும் இறங்குங்கள். மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.