உத்தேசக் கணக்கு

கணிதம் என்றாலே துல்லியம் என்று பாலர்களுக்குப் பல ஆண்டுகள் போதித்துவிட்டு, பின்னொரு வகுப்பில் திடீரென்று, விடை ஏறக்குறைய இருந்தால் போதும் என்று நாம் சொல்லும்போது அவர்கள் திகைத்து நிற்பது இயல்பே. ஆயினும், விடை எந்த எல்லைக்குள் விழவேண்டும் என்று முன்கூட்டியே மனத்தால் நிர்ணயித்துக்கொள்ளும் சாமர்த்தியம், பின்னர்ப் போடுகிற கணக்கின் பிழையைக் காட்டிக்கொடுப்பதாகையால், அதைப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவைப்பது நியாயமன்று.

உபாயம் எளியது, ஒவ்வோர் எண்ணையும் அதற்கு மிகச் சமீபமான பத்துக்கோ நூறுக்கோ முழுமையாக்கிக்கொண்டு கூட்டவேண்டும். நாற்பதிலிருந்து ஐம்பது வரை ஒரு கோடு வரைந்து, 47 எந்த முனைக்கு அருகில் இருக்கிறது என்று கேட்டால், சூத்திரம் எதையும் மனனம் செய்யாத குழந்தைகூட ஐம்பதைக் காட்டிவிடும். நட்டநடுவில் நிற்கும் 45 மட்டும் இரு முனைகளுக்கும் சமதூரமாதலால், அதை மேலே ஏற்றுவது நாமாகச் செய்துகொண்ட உடன்பாடேயாம். மொத்த வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கும்படி கூறிய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும், கடைசி இலக்கம் ஐந்தானால் ஏற்றுக என்றே விதித்தது.

பருப்பு, புளி, வெல்லம், உப்பு ஆகியவற்றின் விலை முறையே 82, 47, 36, 19 ரூபாய் என்று கொள்வோம். இவை 80, 50, 40, 20 ஆகி, 190 என்ற உத்தேசத்தைத் தருகின்றன. முழுமையாக்குகையில் ஓர் எண் ஐந்துக்கு மேல் நகர இயலாதாகையால், நான்கு எண்களும் சேர்ந்து இருபதுக்கு மேல் பிசகமாட்டா; எனவே உண்மையான தொகை 170-க்கும் 210-க்கும் இடையில்தான் இருந்தாகவேண்டும். ஒன்றாம் இடத்தைக் கூட்டி வந்த 24-இல், பத்தாம் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய 2-ஐ மறந்து ஒரு சிறுவன் 164 என்று எழுதினால், அந்த விடை எல்லைக்கு வெளியே நின்று தன் பிழையைத் தானே அறிவித்துவிடுகிறது. சரியான தொகை 184. (கையில் இருநூறு ரூபாயே உள்ளவர், எல்லாவற்றையும் மேலேயே ஏற்றி 90, 50, 40, 20 என்று கூட்டிக்கொண்டால் கடையில் தலைகுனிய வேண்டியிராது.)

சில எண்கள் ஏறுவதும் சில இறங்குவதுமாக இருப்பதால் பிசகுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. எல்லாம் ஒரே திசையில் சாய்ந்தால்தான் விபரீதம். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் 1982-இல் 1000 என்று தொடங்கிய விலைக் குறியீட்டெண்ணை ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும், மூன்றாம் தசம இடத்துக்கு அப்பாலுள்ளதை முழுமையாக்காமல் வெட்டியெறிந்ததன் விளைவாக, 1983 நவம்பரில் அது சுமார் 524-க்கு வீழ்ந்து கிடந்தது. திருத்திப் பார்த்தபோது இருந்திருக்க வேண்டிய மதிப்போ சுமார் 1098.

பிள்ளைகள் இடறும் இடம் இன்னொன்று உண்டு. 346-ஐ நூறுக்கு முழுமையாக்கச் சொன்னால், முதலில் 350 ஆக்கி, அதிலிருந்து 400-க்குத் தாவிவிடுவார்கள். நூறுக்கு முழுமையாக்குகையில் பத்தாம் இடத்து இலக்கத்தை மட்டுமே பார்க்கவேண்டும். அது நான்காகையால் விடை 300.

இவை யாவற்றினும் பெரிய இடையூறு, என் அபிப்பிராயத்தில், மதிப்பெண்ணின் மீதுள்ள பயமே. உத்தேசம் கேட்டால், குழந்தை இரகசியமாகச் சரியான கூட்டலைப் போட்டு, வந்த 184-ஐ 180 ஆக்கி நீட்டுகிறது. ஆசிரியரும் அதைச் சரியென்று குறித்து, நேர்மையாக 190 என்றும் 200 என்றும் சொன்ன பிள்ளைகளைத் திருத்துகிறார். ஆகவே ஆசிரியர்களையும் பெற்றோரையும் வேண்டிக்கொள்வது இதுதான்: பென்சிலைத் தொடவிடாமல் உத்தேசத்தை முதலில் வாயால் சொல்லச் செய்யுங்கள், இரண்டு பிள்ளைகள் இரண்டு விடை சொன்னால் இருவரிடமும் காரணம் கேளுங்கள், கூட்டலை அதன் பிறகு போடட்டும்.