பகுதிகளாற் கணினி அமைத்தல்

கணினியெனப்படுவது பிரிக்கவியலாத ஒரே பொருளன்று. உறுப்புகள் பலவற்றின் கூட்டமே அது. செயலி, நினைவகம், சேமிப்புத் தட்டு, மின்வழங்கி என்பன தாய்ப்பலகையாற் பிணைக்கப்பட்டு ஓருடலாய் இயங்குகின்றன. வெவ்வேறு நிறுவனத்தார் ஆக்கிய இவ்வுறுப்புகள் தம்முட் பொருந்துதல் எவ்வாறு?

1975ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமான அல்டேர் 8800 என்னுங் கணினி உதிரிப் பகுதிகளாகவும் விற்கப்பட்டது. வாங்கியோர் அவற்றைத் தாமே ஈயப்பற்று வைத்துப் பொருத்தினர். அதன் 100 முனை இணைப்பைப் பிறரும் பின்பற்றி, அதற்கேற்ற பலகைகளை ஆக்கினர். 1981இல் தனியாட் கணினியை வெளியிட்ட ஐ.பீ.எம். நிறுவனம், அதன் சுற்றமைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டது. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அளவு, தாய்ப்பலகையின் திருகாணித் துளைகளுக்கும் மின்வழங்கிக்கும் பொதுவிதியாயிற்று. ஆகவே, பொருத்தத்திற்குக் காரணம் பலரும் ஏற்ற பொது அளவே என்பது தெளிவு.

ஆயினும், ஆராயாது வாங்குதல் தகாது. செயலிக்கேற்ற தாங்கி தாய்ப்பலகையில் இருத்தல் வேண்டும். டி.டி.ஆர். 4 நினைவகம் டி.டி.ஆர். 5இற்குரிய பள்ளத்திற் புகாது. இரண்டிலும் வெட்டு அமைந்த இடம் வேறு. மின்வழங்கியின் வலு, ஏனைய உறுப்புகள் அனைத்தினதும் தேவையிலும் மிகுந்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு அமைத்தோர், பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றி ஏனையவற்றைப் பேணலாம். செயலியும் நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மடிக்கணினிகளில் இவ்வசதி இல்லை. ஓருறுப்பின் பழுது முழுப்பொருளின் இழப்பாதலுங் கூடும். பொது அளவு பேணப்படுமளவிற்கே வாங்கியோர்க்குத் தம் பொருளைச் சீர்செய்யும் உரிமையும் நிலைக்கும்.