குழந்தைப் பொருட்களில் சிக்கனம்: வியாபாரியே சொல்லிக் கொடுக்கலாமா?

புளியந்தீவில் கடை வைத்திருக்கும் எமக்கு ஒரு வாய்ப்பும் ஒரு பொறுப்பும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இங்குதான் இருக்கிறது. பிள்ளை பெற்றுத் துண்டு வெட்டிக்கொண்டு போகிறவர்களும், காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வருகிறவர்களும் எங்கள் கடைப்படிகளில் ஏறி இறங்கித்தான் ஊர் போகிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் படுவான்கரை மக்களுக்கும் பட்டினத்துக்கு வந்து போவது இலகுவாகிவிட்டது.

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டோம். பால்மா, பம்பஸ், மருந்து என்று குழந்தைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால் அந்த அடி நேராக இளம் பெற்றோரின் தலையில் விழுந்தது. என் கடைக்கு வரும் வாப்பாமார் பலர் இன்றும் விலையைக் கேட்டுவிட்டு, சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கு எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பது எமது வியாபாரத்துக்கே நல்லது என்பதுதான் இவ்வாரம் நான் சொல்ல வருவது.

வாங்கவே தேவையில்லாதவை

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. அதன்பின் வீட்டுச் சாப்பாட்டுடன் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் பாலூட்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நமக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஆரோக்கியமான பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்குப் பால்மா டின், போத்தல், சூப்பி, கிரைப் வோட்டர் எதுவும் வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கான பால்மாவை விளம்பரப்படுத்துவதற்கு 1981இல் உலக சுகாதாரப் பேரவை கட்டுப்பாட்டு விதிகளை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் 1983இல் தனது விதிக்கோவையைக் கொண்டுவந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால்மாவுக்குக் கழிவு, இலவசப் பொருள், கடையில் விசேட அலங்காரம் எல்லாம் கூடாது என்பதே இவ்விதிகளின் நோக்கம். விற்பனைப் பிரதிநிதி என்ன சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவுடரும் அப்படித்தான். அதன் தூசு பிள்ளையின் மூச்சுக்குள் போகக்கூடும் என்பதால் குழந்தை வைத்தியர்கள் அதை ஊக்குவிப்பதில்லை. ஜோன்சன் நிறுவனமே டல்க் கலந்த குழந்தைப் பவுடரை உலகம் முழுவதும் 2023இல் நிறுத்திக்கொண்டது.

தடுப்பூசிக்கும் நிறை பார்ப்பதற்கும் அரசாங்கக் கிளினிக்கில் காசு இல்லை. 1973இல் தொடங்கிய திரிபோஷா திட்டமும் நிறை குறைந்த பிள்ளைகளுக்காகவே இருக்கிறது. விலை கூடிய மாப்பெட்டியைத் தேடி வருபவரிடம் முதலில், “கிளினிக்கில் மிட்வைஃபிடம் கேட்டீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணக்குப் பார்த்து வாங்க வேண்டியவை

பம்பஸை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, நான்கு உள்ள சிறிய பக்கட் 300 ரூபா என்றால் ஒன்று 75 ரூபா. நாற்பது உள்ளது 2,400 ரூபா என்றால் ஒன்று 60 ரூபா. ஒன்றின் விலையை இறாக்கையில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆனால் பிள்ளை அடுத்த அளவுக்கு வளரப்போகிறது என்றால் பெரிய பக்கட் நட்டம் என்பதையும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வீதம் மாதம் 150 போனால் 9,000 ரூபா. பகலில் துணி கட்டி, இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் இரண்டு பாவித்தால் 3,600 ரூபா.

மருந்தில் பெயருக்குக் கொடுக்கும் காசே அதிகம். 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில் மலிவாகக் கொடுப்பதற்காகவே. பதிவுபெற்ற பாமசியில் அல்லது ஒசுசலவில், “இதே மருந்து குறைந்த விலையில் இருக்கிறதா?” என்று கேட்பதில் வெட்கமில்லை. வயிற்றோட்டத்துக்கு வர்ணச் சோடாவை விட ஜீவனி மலிவு, மேலானதும்கூட. பக்கட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பக்கட்டையும் கரைக்க வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

பால்மாவைக் கூடுதல் தண்ணீர் விட்டு இழுத்துப் பிடிப்பது சிக்கனம் அல்ல. பிள்ளையைப் பட்டினி போடுவது. வைத்தியர் சொல்லிப் பால்மா கொடுக்கும் தாய், டின்னில் எழுதிய கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பெரியவர்களுக்கான பால்மாவை ஒரு வயதுக்கு முன் அதற்குப் பதிலாகக் கொடுப்பதும் பிழை.

பரசிற்றமோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. விலையை மட்டும் பார்த்து மாற்றி எடுத்து, பழைய அளவிலேயே கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும். தேநீர்க் கரண்டியும் அளவு அல்ல. பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு என்பதை வைத்தியரோ பாமசிக்காரரோதான் சொல்ல வேண்டும்.

ஊர் பேர் தெரியாத பாணி மருந்தை மலிவு என்று வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். 2022இல் காம்பியா நாட்டில் நச்சு இரசாயனம் கலந்த இருமல், தடிமன் பாணிகள் தொடர்பாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தபோது 66 பிள்ளைகள் இறந்திருந்தார்கள்.

எமக்கு என்ன இலாபம்?

“9,000 ரூபா வியாபாரத்தை 3,600 ஆக்கச் சொல்கிறீரே” என்று நீங்கள் கேட்பது நியாயம். நூற்றுக்குப் பத்து இலாபம் என்று வைப்போம். 9,000 ரூபாவில் உங்கள் இலாபம் 900, கொள்முதல் 8,100. தாங்க முடியாத அந்தச் செலவு கடன் கொப்பியில் ஏறி, ஒரு மாதக் காசு வராமல் போனால், அதை ஈடுசெய்ய ஒன்பது மாத இலாபம் வேண்டும். 3,600 ரூபாவைக் கைக்காசாகத் தருகிற வீடு பாடசாலைக் கொப்பிக்கும் பெருநாள் உடுப்புக்கும் உங்களிடமே வரும். கடன் ஏறிய வீடு உங்கள் கடைத் தெருவையே சுற்றிப் போகும்.

விலையைக் குறைக்கவும் வழி உண்டு. நாலைந்து கடைகள் சேர்ந்து புறக்கோட்டையில் மொத்தமாகக் கொள்வனவு செய்தால் லொறிக் கூலி பங்காகும். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றால் திகதி முடிந்து வீசுவது குறையும். பாணிப் போத்தலையும் மா டின்னையும் வெயில் படும் முன்தட்டில் அடுக்காதீர்கள். பக்கட்டில் குறித்த விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம் என்பதும் நீங்கள் அறிந்ததே.

“இது உங்களுக்குத் தேவையில்லை” என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அடுத்த முறை “இது தேவை” என்று அவர் சொல்லும்போது அந்தத் தாய் நம்புவாள். இந்த நம்பிக்கையைப் புறக்கோட்டையில் மொத்த விலைக்கு வாங்க முடியாது.