நெஞ்சுக்குள் ஒரு தோல் பை

திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போன நம் சனங்களில் பலர் தாராவியில் தோல் பதனிட்டவர்கள். தோலின் குணம் அவர்களுக்கு அத்துப்படி. நனைத்துப் பையப் பைய இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வரும். வெடுக்கென்று இழுத்தால் முரண்டு பிடிக்கும். நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் அதே குணமுள்ள ஒரு பை இருக்கிறது. இதயம் அதற்குள்தான் துடிக்கிறது.

இதய உறை என்று அதற்குப் பெயர். மாட்டுத்தோலுக்கு வலுக் கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம்தான் இதற்கும் வலு. மாட்டின் இதய உறையை எடுத்து, தோல் பதனிடவும் பயன்படும் குளூட்டரால்டிஹைடில் பக்குவப்படுத்தி மனிதருக்கு வால்வு செய்கிறார்கள் என்றால், தாராவித் தொழிலுக்கு இது எவ்வளவு நெருங்கிய சொந்தம்! உறைக்குள் இயல்பாக இருக்கும் நீர் 15 முதல் 50 மில்லி. இதயம் உரசாமல் துடிக்க அது போதும்.

இரைப்பைப் புற்றுநோய் சில சமயம் இந்தப் பை வரை வந்துவிடும். அரிதுதான்; நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களில்தான் அதிகம். நோய் பெரும்பாலும் நிணநீர்க் குழாய் வழியே ஏறி, நெஞ்சு நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைக்கிறது. மழைக்காலத்தில் மாட்டுங்கா, சயான் தண்டவாளங்களில் தண்ணீர் தேங்குகிறதே, அதுபோல உறையிலிருந்து வடிய வேண்டிய நீர் வடிய வழியில்லாமல் நிற்கும். புற்றணுக்கள் உறையிலேயே ஒட்டிக்கொண்டால் புதிதாகவும் ஊறும்.

மெல்ல ஊறினால் பை இழுபட்டு ஒரு லிட்டருக்கு மேலும் தாங்கும். சட்டென்று ஊறினால் 200 மில்லியே, ஒரு டம்ளர் தண்ணீரே, ஆளைச் சாய்த்துவிடும். சுற்றி நின்று நெருக்கும் நீரால் இதயம் விரிய முடியாது. விரியாத இதயத்தில் ரத்தம் நிரம்பாது. நிரம்பாததை எங்கே இறைப்பது? கழுத்து நரம்பு புடைக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், ஸ்டெதஸ்கோப்பில் துடிப்பு எங்கோ தூரத்தில் கேட்கும். இந்த மூன்றையும் 1935இல் சேர்த்துச் சொன்னவர் கிளாட் பெக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். இன்று எக்கோ ஸ்கேனில் கண்ணாலேயே பார்க்கலாம்: கறுப்பாகத் தெரியும் நீருக்கு நடுவே இதயம் ஊஞ்சலாடும்.

வீட்டில் தெரிவது வேறு. மல்லாந்து படுத்தால் நோயாளிக்கு மூச்சிரைக்கும். மடியில் தலையணையை வைத்து, முன்னால் குனிந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ‘கீமோ குடுத்த அசதி’ என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். அந்தச் சொல்தான் என்னைக் கலங்க வைக்கிறது. செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் பரேலில் 1941இல் திறந்த டாடா ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கும் குடும்பங்களே, அந்த மூச்சிரைப்புக்கு அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எக்கோ பார்த்தபடியே, பல நேரம் நெஞ்செலும்பின் கீழ்நுனிக்குப் பக்கத்தில், ஊசி இறக்குவார்கள். நீர் பெரும்பாலும் ரத்தம் கலந்து சிவந்திருக்கும். நெருக்கடி முற்றியிருந்தால் முதல் 50 மில்லி வெளியே வந்ததுமே அழுத்தம் ஏறத் தொடங்கும். பரவிய நோய் அப்படியேதான் இருக்கும். ஆனால் அன்று ராத்திரி அவர் கால் நீட்டிப் படுக்கலாம். மெல்லிய குழாயைச் சில நாள் விட்டுவைத்து, தினமும் வடிவதை அளந்து, 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள்.